சிறிய வெள்ளி

அரண்மனையில் பஞ்சாங்கம் கணித்தவர்கள் இருவர். அவர்களில் ஒருவரான குற்றாலிங்கம் எட்டு மாதமாகத் தொலைநோக்கியில் வெள்ளியைப் பார்த்துவந்தார். பெரிதாகத் தெரிந்தபோது அது பிறையாக இருந்தது, சிறுத்தபோது முழுவட்டமானது. சூரியனுக்கு அப்பாலும் போய்ச் சுற்றிவந்தாலொழிய அப்படித் தெரியாது. அப்படியானால் பூமியும் சூரியனைத்தான் சுற்றுகிறதா? வரைந்த தாள்களைப் பெட்டிக்குள் ஒளித்துவைத்தார். பூமி அசையாது என்ற ஏட்டை ஆண்டுதோறும் சபையில் படிப்பவர் அவர்தான். சென்ற ஆண்டு அதை மறுத்துப் பேசியவரை ஊரைவிட்டே துரத்தியிருந்தார்கள்.

இந்த ஆண்டு படிக்கவேண்டிய காலையில் பெட்டி திறந்து கிடந்தது. தாள்கள் விருத்தகிரியின் கையில் இருந்தன. இருபது ஆண்டுகளாக குற்றாலிங்கத்துக்குப் போட்டியாக இருந்த இன்னொரு கணிதர் அவர்.

விருத்தகிரி கதவைத் தாழிட்டார். "எத்தனை மாசமாப் பாக்குறீர், ஓய்?"

"எட்டு."

"நான் பதினோரு வருஷமாப் பாக்குறேன்."

"யார்கிட்டயாவது சொன்னீரா?"

"இப்பத்தான் வாயைத் திறக்கிறேன்."

வெளியே சபை கூடிவிட்டதற்கான மணி அடித்தது. குற்றாலிங்கத்தின் கை தானாக ஏட்டின்மேல் போனது.

"அதை வச்சிட்டு வாரும்," என்றார் விருத்தகிரி. தன் கையிலிருந்த தாள்களையும் ஏட்டின்மேல் வைத்தார்.

இருவரும் வெறுங்கையோடு கதவைத் திறந்தார்கள்.