அடித்து எழுதிய விடை

“தொட்டியில முந்நூறு லிட்டர் தண்ணி. நிமிஷத்துக்குப் பன்னெண்டு லிட்டர் வெளிய போகுது. எத்தனை நிமிஷத்துல காலியாகும்?”

“இருபத்தஞ்சு, மிஸ்.” சிறுமி நோட்டைக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் புதிதாக வந்த டியூஷன் டீச்சருக்குத் தலை சுற்றியது. இதே கணக்குக்குத்தான் பள்ளித் தேர்வில் இவள் முட்டை வாங்கியிருந்தாள்.

விடைத்தாளைப் புரட்டினார். கொடுத்திருப்பது என்ன, கேட்டிருப்பது என்ன, எதை எதால் வகுக்க வேண்டும், எல்லாப் படியும் கச்சிதம். கடைசியில் மட்டும் இருபத்தைந்து என்று எழுதி, அதை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதியிருந்தாள். அடுத்த கணக்கும் அப்படியே, அதற்கு அடுத்ததும் அப்படியே.

“கொழுப்பா உனக்கு? நாளைக்கு மறுதேர்வு. அதுலயும் கோட்டை விட்டா மறுபடியும் அஞ்சாங்கிளாஸ்தான், தெரியுமா?”

“தெரியும், மிஸ்.” அவள் முகத்தில் துளிப் பயமில்லை.

டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மேசை மேலிருந்த பழைய கணக்குப் புத்தகத்தைத் தட்டினார். அட்டையில் ‘ஐந்தாம் வகுப்பு’ என்று வேறு யாருடைய கையெழுத்திலோ எழுதியிருந்தது.

“யாரோடது இது?”

“அண்ணனோடது.”

“உன்னைவிட எத்தனை வயசு பெரியவன்?”

“மூணு.”

“அப்ப இதைப் போடு. உனக்கு இப்ப பத்து வயசு. அண்ணனுக்கு எத்தனை?”

முதல்முறையாக அவள் தயங்கினாள். பென்சிலை எடுத்து, நிதானமாகப் பத்து என்று எழுதினாள்.

“பத்தையும் மூணையும் கூட்டத் தெரியாதா? என்கிட்டயே விளையாட்டா? கூப்பிடு உங்கண்ணனை!”

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்றது. ஈரக் கையோடு அம்மா வந்தாள்.

“அவ எழுதினது சரிதான், டீச்சர். காய்ச்சல்னு படுத்தவன் எழுந்திருக்கவே இல்ல. மூணு வருஷமாச்சு. அஞ்சாங்கிளாஸோட போயிட்டான் எம்புள்ள.”

டீச்சர் விடைத்தாளை மூடி வைத்தார். சிறுமியின் தலையை மெல்லத் தடவினார். “சரிடா கண்ணு. நாளைக்கு மட்டும் விடையை அடிக்காம எழுதிடு. கண்டிப்பா பாஸாயிடுவே.”

அவள் அண்ணனின் புத்தகத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஆறாங்கிளாஸ் போயிட்டா, நான் அவனுக்கு அக்கா ஆயிடுவேனே, மிஸ்!”