ரெண்டு பக்கத்துக்கும் நல்லது

போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. லைனில் நில்லுங்கோ என்று சொல்லிவிட்டுப் போன வானொலி நிலையத்துப் பெண் இன்னும் திரும்பி வரவில்லை.

அம்பலவாணர் சோபா நுனியில் இருந்தார். எதிரே, சத்தம் குறைத்த டிவியில் பேஸ்பால் மேட்ச்.

ஞாயிறு மத்தியானம் தமிழ் வானொலியில் விளையாட்டு நிகழ்ச்சி என்றால் முதல் அழைப்பு அவருடையதுதான். நகரத்து அணி தோற்கத் தோற்க அவருடைய வாயும் நீண்டுகொண்டே போனது.

முதல்ல அந்தக் கேட்சரை ட்ரேட் பண்ணுங்கோ. குந்தியிருந்து பந்து பிடிக்கிற வயசா அவனுக்கு? ஜூலை முடிஞ்சால் ஆள் மாத்த விடமாட்டாங்கள். இப்பவே அவனைக் குடுத்திட்டு ஒரு இளம் பொடியனை வாங்குங்கோ. ரெண்டு பக்கத்துக்கும் நல்லது.

வாராவாரம் இதே பல்லவி. அணி முதலாளிக்குத் தமிழ் தெரியாது என்று மனுசனுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

அவர் முன்னறையில் இருந்து கதைப்பதை அவர் மனைவி குசினியில் சமைத்தபடி ரேடியோ வழியாகக் கேட்பாள். குரல் சில விநாடி பிந்தித்தான் அங்கே போய்ச் சேரும். ரேடியோவைக் குறைக்கச் சொல்லி அறிவிப்பாளன் ஒவ்வொரு வாரமும் கெஞ்சுவான். அவள் குறைத்தால்தானே.

அவளுக்கு ஆட்டம் விளங்காது. ஆனால் அந்தக் கேட்சரைப் பிடிக்கும்.

“இருந்து எழும்பி இருந்து எழும்பி முழங்கால் தேஞ்சு போச்சு அவனுக்கு. பிள்ளைகுட்டியோட இனி எங்க போவான், பாவம்.”

“உனக்கென்ன விளங்கும்? இது யாவாரம்.”

அவருக்கு இந்த விளையாட்டு பழகியதே அவள் இல்லாத காலத்தில்தான். கனடாவுக்குத் தனியே வந்து, சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிய வருடங்கள். கடை மூலையில் ஒரு டிவி. பேச ஆளில்லாதவருக்கு அது பேச்சுத்துணை.

அவள் வந்து இறங்கிய அன்று, விமான நிலையத்தில் எல்லோரும் பார்க்க அழுதார். இனி ஒருநாளும் உன்னை விட்டிட்டு இருக்கமாட்டன் என்றார்.

சொன்னது அவர்தான்.

போன கிழமை மகனும், கல்கரியில் இருக்கும் மகளும் போனில் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைத்தார்கள், ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. மகள் தாரணிக்குப் பிரசவ லீவு முடிகிறது. கைக்குழந்தையைப் பார்க்க அம்மா வேண்டும். இங்கே மகன் நிரோஷனின் பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி இறக்க அப்பா போதும். இரண்டு பேரும் வந்து இருக்கிற அளவுக்குத் தாரணி வீட்டில் இடமில்லை.

நல்ல பிள்ளைகள். ஒரு குறை சொல்ல முடியாது.

“அப்பா, நீங்கள் என்ன சொல்லுறியள்?” என்று கேட்டான் நிரோஷன்.

மனைவி அவரைப் பார்த்தாள்.

ஒரு சொல் போதும். இந்த வயதில் பிரிந்து இருக்க ஏலாது என்று ஒரே ஒரு சொல். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற வாய்தானே.

“ரெண்டு பக்கத்துக்கும் நல்லது,” என்றார்.

பழகிய வாய். தானாக வந்துவிட்டது.

அவள் எழுந்து போய் அடுப்பில் இருந்த கறியைக் கிளறினாள். எவ்வளவு காலத்துக்கு என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது அவளுடைய சூட்கேஸ் வாசலில் நிற்கிறது. காலையில் அதைத் தராசில் ஏற்றிப் பார்த்து, மிளகாய்த்தூள் பாரம் கூடிப்போனதால் இரண்டு சேலையை வெளியே எடுத்து வைத்தாள். அந்தச் சேலைகள் கட்டில் ஓரத்தில் கிடக்கின்றன. பின்னேரம் நிரோஷன் அவளை விமான நிலையத்துக்குக் கூட்டிப் போவான்.

அவர் டிவியைப் பார்த்தார்.

கேட்சரின் இடத்தில் வேறொருவன் குந்தியிருந்தான்.

கேமரா வீரர்கள் இருக்கும் கொட்டகைப் பக்கம் திரும்பியது. அங்கே பழைய கேட்சர் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான். ஆட்டம் நடக்கும்போதே ட்ரேட் முடிந்துவிட்டால் அப்படித்தான், ஆளை உடனே வெளியே எடுத்துவிடுவார்கள். மற்றவர்கள் இப்படிப் போனபோது அவர் கைதட்டியிருக்கிறார்.

பந்து படாமல் போடுகிற முகமூடியை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதைப் பிடித்தபடியே கட்டிப்பிடித்தான். வேர்வையைத் துடைக்கிற மாதிரி முகத்தைத் துடைத்தான்.



பாட்டு நின்றது.

“வணக்கம் அம்பலவாணர் அண்ணை,” என்றான் அறிவிப்பாளன். “நீங்கள் சொல்லிச் சொல்லியே கேட்சரை அனுப்பிப்போட்டியள். இப்ப சந்தோசம்தானே?”

அவர் குசினிப் பக்கம் திரும்பினார்.

“அண்ணை? லைன்ல இருக்கிறியளோ?”

குசினியில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. போகிற நாளிலும் பாத்திரம் கழுவுகிறாள்.

“தம்பி,” என்றார் அவர். “அவன்ர பெண்சாதியும் கூடப் போறாவோ?”

அறிவிப்பாளன் சிரித்தான். அது தெரியேல்ல அண்ணை என்று சொல்லி அடுத்த நேயரைக் கூப்பிட்டான்.

அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

அவர் கேட்ட கேள்வி அப்போதுதான் ரேடியோ வழியாகக் குசினிக்குப் போய்ச் சேர்ந்தது.

குழாய் நின்றது.