வீதியுலா வந்த நாவல்

ஒரு பள்ளியின் வகுப்பறை அலமாரியில் தடித்த நாவல் ஒன்று நெடுங்காலமாக வீற்றிருந்தது. இவ்வாண்டும் மாணவர் எவரும் தன்னைத் தேர்ந்தெடுக்காவிட்டால் பழைய தாள் மூட்டைக்குள் போகவேண்டியதுதான் என்று அதற்குத் தெரியும். அந்தக் கலக்கத்தில் இருந்தபோதுதான் தமிழாசிரியை மங்கையர்க்கரசி, அந்த நாவலைத் தழுவிய திரைப்படத்தை வகுப்பிலிருந்த புரொஜெக்டரில் போட்டுக் காட்டினார்.

“அடே, என் பக்கங்கள் அத்தனையையும் ஒரே மதியத்தில் விழுங்கி ஏப்பம் விட்டாயே! இனி என்னை யார் சீந்துவார்?” என்று நாவல் புரொஜெக்டரிடம் பொருமியது.

“கோபம் வேண்டாம், பெரியவரே. உற்சவர் வீதியுலா போனால் மூலவர் முகம் சுளிப்பாரா?”

“உற்சவருக்கு எவனும் சண்டைக்காட்சி சேர்ப்பதில்லை, போடா!”

மறுநாள் மாணவர்கள் தத்தமக்குப் பிடித்த நூலைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்தது. நிறைமதி என்னும் மாணவி நாவலை உருவி எடுத்தாள்.

“படத்தில் ஓடக்காரனை வெள்ளத்தோடு விட்டுவிட்டார்கள், மிஸ். பிழைத்தானா என்று மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன்” என்று கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

‘வாசல் இருக்க, கொல்லைப்புறமாக நுழைகிறாளே!’ என்று நாவல் விறைத்துக்கொண்டது. கடைசிப் பக்கத்தில் ஓடக்காரன் இல்லை. அதற்கு முந்தைய பக்கத்திலும் இல்லை. அவள் முகம் வாடிற்று. நூலை மூடப் போனாள்.

நாவலுக்கு மனம் கேட்கவில்லை. விறைப்பைத் தளர்த்தி, ஓடக்காரன் முதன்முதலாகத் துடுப்பை எடுக்கும் பக்கத்தில் தானே விரிந்து கொடுத்தது. நிறைமதி நின்றபடியே படித்தாள். பிறகு தரையில் அமர்ந்துவிட்டாள். உணவு இடைவேளை மணி அடித்ததுகூட அவள் காதில் விழவில்லை.

“என்ன பெரியவரே, இப்போது…” என்று தொடங்கியது புரொஜெக்டர்.

“உஸ்! பிள்ளை படிக்கிறாள்” என்றது நாவல்.