கீழ் வீடு

"இந்த வீட்டையும் இல்லைன்னுட்டாங்கக்கா"ன்னு புரோக்கர் போன்ல இழுத்தான்.

அக்காவுக்குக் கை நழுவுறது இதோட மூணாவது வீடு!

அக்கா மாடி வீட்டுல டே கேர் நடத்துறா. ஒன்பது வாண்டுங்க. போன வாரம் ஒண்ணு படியில உருண்டுடுச்சு. பெரிய அடி இல்ல. ஆனா அம்மாமாருங்க கூடிப் பேசி கெடு வெச்சுட்டாங்க. "ஞாயித்துக்கிழமைக்குள்ள மாடிப்படி இல்லாத வீடா பாருங்க. இல்லைன்னா பிள்ளைங்களை வேற இடத்துல விட்டுடறோம்."

இன்னிக்கு வெள்ளிக்கிழமை.

வீடு பாக்கறதுல அக்கா தனி ரகம். உள்ள நுழைஞ்சதும் துப்பட்டாவை இடுப்புல இறுக்கிக் கட்டிட்டு, குழந்தை மாதிரி தவழ ஆரம்பிச்சுடுவா. அந்த உயரத்துல இருந்து பாத்தாத்தானே பிளக் பாயின்ட், கதவு இடுக்கு, கைக்கு எட்டுற பினாயில் எல்லாம் கண்ணுல படும்! "இந்தம்மா வாடகைக்கு வந்துச்சா, வைத்தியத்துக்கு வந்துச்சா?"ன்னு வீட்டுக்காரங்க முழிப்பாங்க.

அப்படி முட்டி தேயத் தேடினதுல தேறினதே மூணு வீடு. வாசல்ல இரும்பு கேட், லாரி நுழையாத தெரு, பக்கத்துலயே பஸ் ஸ்டாப். மூணு பேருமே சாயங்காலம் சரின்னாங்க, காலையில மாட்டேன்னுட்டாங்க.

"உண்மையைச் சொல்லுடா. யாரு கெடுத்தது?"

"அது வந்துக்கா... உங்க கீழ் வீட்டுக்காரருதான் போன் போட்டிருக்காரு. ஒன்பதும் குரங்கு, சுவத்தையே பேத்துடும்னாராம்."

"அவருக்கு அந்த வீட்டுக்காரங்க நம்பரை யாருடா கொடுத்தது?"

"ரொம்ப அக்கறையா விசாரிச்சாருக்கா... நான்தான்..."

"உன்னை வந்து வெச்சுக்கறேன்!"

கீழ் வீட்டுக்காரர்! மூணு வருஷமா நாள் தவறாம மாடியேறி வந்து, "இது வீடா, சந்தைக்கடையா?"ன்னு கத்துற மனுஷன். தொலைஞ்சுது சனியன்னு மூட்டை தூக்கி விடவேண்டியவர், போற வழியில முள்ளு போடுறாரே!

பிள்ளைங்களை ஆயாகிட்ட விட்டுட்டு அக்கா தடதடன்னு இறங்கினா. கதவைத் தட்டல. குத்தினா.

"ஏன் சார், நான் போனா உங்களுக்கு நிம்மதிதானே? எதுக்கு என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடுறீங்க?"

"ஆமா, போட்டேன்."

"கூசாம சொல்றீங்களே! திங்கட்கிழமை நான் கடையைச் சாத்திட்டு எங்க சார் போறது?"

அவர் கதவை அகலத் திறந்து விட்டார்.

உள்ள கட்டில்ல அவரு சம்சாரம். வாதம் வந்து ரெண்டு வருஷமா படுக்கை, பேச்சு கிடையாதுன்னு அக்கா கேள்விப்பட்டிருக்கா. பாத்ததில்ல. அந்தம்மா கண்ணு ரெண்டும் கூரையிலயே இருந்துச்சு. மேல ஒன்பதும் திம்திம்னு குதிச்சுட்டு இருந்துச்சுங்க.

"போகாதேன்னு முதல்லயே கேட்டிருப்பேன். மூணு வருஷமா திட்டின வாயி... கேக்க வரல." அவர் சம்சாரத்தோட போர்வையைச் சரி பண்ணினார். "வீட்டு ஓனர்கிட்ட இப்பதான் பேசி முடிச்சேன். நீ கீழ வந்துடும்மா, நாங்க மேல போயிடறோம். ரெண்டு ஆளு கை கொடுத்தா இவளை மாடிக்குத் தூக்கிடலாம்."

அக்காவுக்கு வந்த வேகம் போன இடம் தெரியல. "எதுக்கு சார் உங்களுக்கு இவ்வளவு கஷ்டம்?"

"ஞாயித்துக்கிழமை பசங்க வர்றதில்லையில்ல... அன்னிக்கு மட்டும் இவ ஒரு வாய் சோறுகூட வாங்கமாட்டேங்கறாம்மா."