கோடு வளைந்த இடம்

கடலாமைகளின் முதுகில் கருவி ஒட்டி, அவை நீந்தும் தடத்தை வரைபடமாக்குவதுதான் பூங்கோதையின் ஆராய்ச்சி. அவளைத் தேடி ரெஜினாள் வந்தாள். கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. படகு மட்டும் வெறுமையாக எங்கோ கிடைத்திருந்தது. “ஆமை போன வழியெல்லாம் கண்டுபிடிக்கீகளாமே, எங்க வீட்டு ஆளு போன வழியயும் பாத்துச் சொல்லுங்கம்மா” என்றாள். அந்த வாரத்துக் காற்றையும் நீரோட்டத்தையும் கணினியில் ஏற்றி, படகு கிடைத்த இடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டாள் பூங்கோதை. திரையில் சிவப்புக் கோடு ஒன்று விழுந்தது. எஞ்சின் நின்ற படகு தெற்கே இழுபட்டு, கரையை நோக்கி வளைந்து, மறுபடி ஆழத்துக்கே திரும்பியிருந்தது. தேடப் போனவர்கள் எல்லாரும் வடக்கே போயிருந்தார்கள். ரெஜினாள் அந்த வளைவில் விரலை வைத்தாள். “இங்கன வந்தப்ப கரை தெரிஞ்சிருக்குமா?” கலங்கரை விளக்கமே தெரிந்திருக்கும். பூங்கோதை பேச்சை மாற்றி, படகு கிடைத்த இடத்தைச் சுட்டினாள். “எந்த எடத்துல உசுரு போச்சுன்னு இதுல காட்டாதா?” என்று கேட்டாள் ரெஜினாள். “படகு போன வழி மட்டுந்தான்க்கா தெரியும்.” ரெஜினாள் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டாள். “மாதா கோயில்ல அவருக்குப் பூசை வைக்க எறந்த தேதி வேணும்னு சாமியார் கேக்காரு” என்றாள். அவள் விரல் கோட்டின்மேல் மெல்லப் பின்னால் நகர்ந்து, கரை கண்ணுக்கு எட்டாத ஓரிடத்தில் நின்றது. “இங்கனயே போயிட்டாருன்னு வச்சிக்கிடுதேன். இது என்ன தேதிம்மா?” பூங்கோதை பார்த்துச் சொன்னாள். அந்தத் தேதியை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, ரெஜினாள் எழுந்தாள்.