செம்பி பார்த்த இரண்டு பேட்டைகள்

இரண்டு பேட்டைகளை ஒப்பிட்டுப் பார்த்தே ஓர் ஆண்டைக் கழித்த எவரையேனும் அறிவீர்களா? அது தாங்களே இல்லையே?

செம்பி என்னும் பூனை, தன் ஒரே குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு வீடு தேடியது. மீன் சந்தைப் பேட்டையில் தலையும் வாலும் தாராளமாகக் கிடைத்தன. ஆனால் ஓயாத கூச்சல். பால்பண்ணை நகரில் நல்ல அமைதி. ஆனால் எல்லாச் சன்னல்களிலும் கொசுவலை. ஆகவே காலையில் அங்கும் மாலையில் இங்குமாகக் குடிமாறிக்கொண்டே இருந்தது.

இரண்டுக்கும் நடுவே பாலத்தடியில் ஒரு நாய் படுத்திருந்தது. "என்ன அக்கா, இன்றைக்கும் நடையா? பேருந்துகூட இத்தனை ஒழுங்காக வருவதில்லையே!"

பதில் சொல்வதற்காகச் செம்பி குட்டியைக் கீழே வைத்தது. "போடா! பிள்ளைக்கு வீடு பார்ப்பது உனக்கு விளையாட்டா?"

குட்டி எழுந்து நிற்க முயன்றது. நான்கு கால்களும் நான்கு திசையில் வழுக்கின. பிறந்து இரண்டு மாதமாகியும் அது தரையில் நடந்ததே இல்லை.

"டேய் குட்டி, உன் வீடு எங்கேடா?" என்று நாய் கேட்டது.

"அம்மாவின் வாய்தான்," என்றது குட்டி.

செம்பி பதறி, அதை மீண்டும் கவ்வ வாயைத் திறந்தது. குட்டி தட்டுத்தடுமாறிப் பின்வாங்கியது.

"வேண்டாம் அம்மா! கூச்சலானாலும் சரி, கொசுவலையானாலும் சரி. ஏதாவது ஒரு வீட்டில் இன்றைக்கே என்னை இறக்கி விடு. நான் நடந்து பார்க்க வேண்டும்."