வெளியே போக வேண்டியவை

"இதைக் கடைசியா எப்பம்மா பயன்படுத்தினீங்க?"

ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் வாளியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி கேட்டாள் அந்தப் பெண்.

"இன்னைக்குக் காலையில. ஓட்டை இருந்தாத்தான் அதுல செடி வைக்க முடியும். இல்லேன்னா தண்ணி தேங்கி வேர் அழுகிடும்."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று சிரித்தார் ஆபீசர். "ஓட்டை வாளிக்கும் ஒரு நியாயம் வச்சிருப்பா. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

அவர் பணி ஓய்வு பெற்றுச் சில மாதம் ஆகியிருந்தது. தெருவில் இன்னமும் அவருக்கு ஆபீசர் என்றுதான் பேர். அவர் மனைவிக்குப் பேர் செடிக்காரம்மா. தெருவில் பாதி வீட்டு வாசலில் பூப்பது அவள் கொடுத்த ரோஜாப் பதியன்தான். அலுவலகத்தை மேய்த்த பழக்கத்தில் ஆபீசர் இப்போது வீட்டை மேய்க்க ஆரம்பித்திருந்தார். வீட்டில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழித்துக்கட்டுவது என்று ஆலோசனை சொல்வதையே தொழிலாக வைத்திருக்கும் இந்தப் பெண்ணை வரவழைத்ததும் அந்த வேகத்தில்தான்.

மொட்டை மாடி முழுக்கத் தொட்டிகள். பெயின்ட் டப்பாவில் எலுமிச்சைக் கன்று, உடைந்த வாஷ்பேசினில் ரோஜா, பழைய ஜன்னல் கதவுகளைச் சாய்த்துக் கட்டிய நிழலில் வரிசையாக நாற்றுகள்.

"இவ்வளவையும் ஏம்மா மாடிக்கு ஏத்துனீங்க? பின்பக்கம் இடம் இல்லையா?"

"இருந்துச்சு. எங்க அக்காவுக்கு ஆபரேஷன்னு ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பின்கதவைத் திறந்தா, தோட்டம் இருந்த இடத்துல சிமென்ட் தரை."

"கார் நிறுத்த வேண்டாமா?" என்றார் ஆபீசர்.

"நம்மகிட்ட ஏதுங்க கார்?"

"வாங்கினா நிறுத்தணும்ல!"

அந்தப் பெண் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அம்மா, நான் எல்லா வீட்டுலயும் சொல்றது ஒண்ணுதான். ஒரு வருஷமா தொடாத பொருள்னா அது வேண்டாத பொருள். அதான் அளவுகோல்."

"அப்ப கொஞ்சம் கீழ வாங்க."

விறுவிறுவென்று இறங்கினாள் செடிக்காரம்மா. மற்ற இருவரும் பின்னாலேயே வந்தார்கள். கூடத்தில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. உள்ளே ஆபீசருக்கு அலுவலகத்தில் கொடுத்த கேடயங்களும் கோப்பைகளும்.

"இதைத் திறந்தே பல வருஷம் ஆச்சு. சாவி எங்கேன்னு அவருக்கே தெரியாது. இதை என்ன பண்ணலாம், சொல்லுங்க."

அந்தப் பெண் ஆபீசரின் முகத்தைப் பார்த்தாள். "இது... நினைவுப் பொருள்மா."

"ஓகோ! அவர் தொடாதது நினைவுப் பொருள். நான் தினமும் தொடுறது குப்பை. ரொம்ப நல்லா இருக்கும்மா உங்க அளவுகோல்!"

ஆபீசருக்குச் சுருக்கென்றது. "வாயைப் பாரு வாயை! கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன், காதுலயே வாங்க மாட்டேங்கறா. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். இந்த வீட்டுல ஒண்ணு அந்தக் குப்பை இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

செடிக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்களே இருங்க."

இவ்வளவு சுலபமாக ஜெயிப்போம் என்று ஆபீசர் எதிர்பார்க்கவில்லை. "அப்படி வா வழிக்கு!" என்று சோபாவில் சாய்ந்தார்.

அந்தப் பெண்ணுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "அம்மா, ஒரேயடியா எல்லாத்தையும் எடுக்க வேண்டாம். நாலு தொட்டியை பால்கனியில வச்சுக்கலாம். பார்க்கவும் லட்சணமா இருக்கும்."

"அரைகுறை வேலையெல்லாம் வேண்டாம்மா. போனா மொத்தமாப் போகட்டும். மாடி ரூம்ல என் மடக்குக் கட்டிலும் புத்தகங்களும் இருக்கு. அதுவும் வெளியே போகட்டும்."

"கட்டில் நல்லாத்தானே இருக்கு?"

"போகட்டும்."

"சரி. பழைய சாமான் எடுக்கிற ஆள் ஒருத்தர் இருக்கார். வண்டிக்குச் சொல்லட்டுமா?"

"வண்டிக்கு நான் காலையிலேயே சொல்லிட்டேன்."

ஆபீசர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பார்த்தீங்களா! நீங்க வர்றீங்கன்னதுமே பயம் வந்துடுச்சு."

லாரி வந்தது. செடிக்காரம்மா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். "தண்டைப் பிடிச்சுத் தூக்காதீங்கப்பா, டப்பாவைப் பிடிங்க. அந்த நாத்தெல்லாம் மேல வையுங்க, நசுங்கிடப் போகுது."

"குப்பைக்குப் போறதுக்கு இவ்வளவு உபசாரமா?" என்று பால்கனியிலிருந்து குரல் கொடுத்தார் ஆபீசர். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மாடி காலியானது. ஆபீசர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த வெறும் தரையில் ஒரு நடை நடந்து பார்த்தார். தொட்டி இருந்த இடமெல்லாம் வட்ட வட்டமாக ஈரம்.

"இப்பப் பாருங்க சார், எவ்வளவு விசாலமா இருக்கு!" என்றாள் அந்தப் பெண்.

"பின்னே! என் வீடு இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு" என்றபடி கீழே இறங்கி வந்தவர் சமையலறைப் பக்கம் திரும்பினார். "ஏய், ரெண்டு டீ கொண்டா!"

வாசலில் லாரி உறுமும் சத்தம்தான் கேட்டது. ஆபீசர் எட்டிப் பார்த்தார். பிறகு செருப்புக்கூடப் போடாமல் கேட்டுக்கு ஓடினார்.

டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள் செடிக்காரம்மா.

"நேரா உங்க புது நர்சரிக்குத்தானேம்மா?" என்று கேட்டார் டிரைவர். "நல்லா யோசிச்சுக்கோங்க, எதையும் விட்டுட்டு வந்துடலையே?"

கேட்டைப் பிடித்தபடி நின்ற ஆபீசரை அவள் ஒரு முறை பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணை விட்டுட்டுத்தான் வர்றேன். அது இங்கேயே இருக்கட்டும், நீங்க வண்டிய எடுங்க."